புளியங்கொட்டைச் சிப்பாய்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 29 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகளை வராண்டாவில் உட்கார வைத்து செஸ் சொல்லிக்கொடுப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே ஒரு பையன் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன். அவனுடைய சித்தப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். நாலாவது மாடியில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினான். ஒரு விரல் நீளத்துக்குச் செய்தி. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் என்று போட்டிருந்தது. பெயர் இல்லை.

"எங்க சித்தப்பா பேரைக்கூட போடல சார். நாங்க எல்லாம் சிப்பாய்தானே சார்? போனா யாருக்கு என்ன?" என்றான்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. காயை அடுக்கு என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. நம் பக்கத்தில் இந்தக் கேள்வி பல வீட்டில் இருக்கிறது. ராத்திரி பஸ் ஏறி பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு நேரம் தோன்றியிருக்கும். நாம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

செஸ் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். படம் எதுவும் வேண்டாம், மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பக்கத்துக்கு 16 காய். ராஜா, ராணி, இரண்டு யானை, இரண்டு குதிரை, இரண்டு மந்திரி. அதுவே எட்டு ஆகிவிட்டது. மிச்சம் எட்டும் சிப்பாய்கள். படையில் சரிபாதி அவர்கள்தான். முன்வரிசையில் நிற்பார்கள், ஒவ்வொரு கட்டமாக நகர்வார்கள், முதலில் வெட்டுப்படுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். விளையாடப் பழகுகிற எந்தப் பிள்ளையும் சிப்பாய் போனால் கவலைப்படாது. "சிப்பாய்தானே சார்" என்று சொல்லும். இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை எத்தனை வாயில் கேட்டிருப்பேன்!

எங்கள் பள்ளியில் பழைய செட் ஒன்று இருந்தது. அதில் ஒரு கறுப்புச் சிப்பாய் தொலைந்துவிட்டது. ஒரு காய்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் ஒரு காய் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. ராஜா இருக்கிறார், ராணி இருக்கிறாள், 31 காயும் அவரவர் இடத்தில் நிற்கிறது, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அது மாசி மாதம். மாசி, பங்குனி வந்தால் எங்கள் பக்கம் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டுகிற சத்தம்தான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அம்மாவோடு புளி தட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள், பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தாள். அது நிற்கவில்லை, உருண்டது. உடனே எழுந்துபோய் வராண்டாப் படியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்குவோமே, அதே மாதிரி. சரக் சரக்கென்று தேய்த்து, ஊதி, பாவாடையில் துடைத்துக் கொண்டுவந்து தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தாள். நின்றுவிட்டது. மேலே அரக்கு நிறத்தில் பளபளவென்று ஒரு சிப்பாய்.

அந்தக் கொட்டை எங்கள் பள்ளியில் பல வருஷம் ஆடியது. ஒருமுறை பக்கத்துப் பள்ளியிலிருந்து விளையாட வந்த பையன், நன்றாக ஆடுகிறவன், தன் ராணியைக் கொண்டுபோய் அதற்குக் குறுக்குக் கட்டத்தில் வைத்துவிட்டான். சிப்பாய் நேராக நடக்கும், குறுக்கே வெட்டும், உங்களுக்குத் தெரியும். அவன் கண்ணுக்கு அது காயாகவே தெரியவில்லை. எங்கள் பெண் கொட்டையை எடுத்து ராணி நின்ற இடத்தில் வைத்தாள். அவன் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுவும் காயா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணுக்குப் படாதது கணக்கில் இல்லை என்று நினைத்துவிட்டான்.

பெரிய ஆட்டங்களுக்கே வருவோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். கடைசி ஆட்டம், பதினாலாவது ஆட்டம். எதிரே சீனாவின் டிங் லிரேன். மணிக்கணக்கில் ஆடிய பிறகு குகேஷிடம் கூடுதலாக இருந்தது ஒரே ஒரு சிப்பாய். டிரா ஆகிவிடும் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். 55-ஆவது நகர்த்தலில் டிங் தவறிவிட்டார். யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி வெட்டுப்பட, ராஜாக்களும் சிப்பாய்களும்தான் மிஞ்சினார்கள். அந்த ஒரு சிப்பாய் கூடுதல் என்பதே உலகப் பட்டம். 1749-லேயே பிலிடோர் என்கிற பிரெஞ்சு ஆட்டக்காரர், சிப்பாய்கள்தான் இந்த ஆட்டத்தின் உயிர் என்று எழுதிவைத்துவிட்டார்.

இன்னொரு விதி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த விதி. இரண்டு பேரும் ஆளுக்கு 50 நகர்த்தல் ஆடி, அதற்குள் ஒரு காயும் வெட்டுப்படவில்லை, ஒரு சிப்பாயும் நகரவில்லை என்றால் டிரா கேட்கலாம். ராணி எவ்வளவு தூரம் ஓடினாலும் அந்த எண்ணிக்கை நிற்காது. ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தால் போதும், எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. ஏனென்றால் சிப்பாய் திரும்பி வராது. மற்ற காயெல்லாம் போன வழியே வந்துவிடலாம். சிப்பாய் வைத்த அடி வைத்ததுதான்.

விடிகாலையில் எங்கள் ஊரில் டேங்க் வால்வு திறக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். நம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்பதற்குப் பிள்ளைகளின் பழுப்பேறிய பல்லே சாட்சி. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகு, அந்த அண்ணன் வால்வைத் திருகினால்தான் எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். தெருவே குடத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் பெயர் என்னவென்று அன்றைக்குத்தான் பலபேர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதுவரைக்கும் 'தண்ணி விடுறவர்'.

பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆட்டத்தை எழுதிவைக்கும்போது குதிரைக்கு ஓர் எழுத்து, யானைக்கு ஓர் எழுத்து, ராஜா ராணிக்கு ஒவ்வோர் எழுத்து உண்டு. சிப்பாய்க்கு எழுத்து கிடையாது. அது போய் நின்ற கட்டத்தை மட்டும் எழுதுவார்கள். 'இ4' என்றால் அந்தக் கட்டத்துக்கு ஒரு சிப்பாய் போனது என்று அர்த்தம். பையன் நீட்டிய பேப்பர் துண்டும் அப்படித்தான் இருந்தது. மாவட்டத்தின் பெயர் இருந்தது, நாலாவது மாடி இருந்தது. ஆள் இல்லை.

பிள்ளைகளைத் தேற்றுவதற்கு முன்பெல்லாம் நான் ஒன்று சொல்வேன். "சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா ராணி ஆயிடும், நீயும் ஒருநாள் ஆவே" என்று. இப்போது சொல்வதில்லை. முக்கால்வாசி சிப்பாய்கள் கடைசி வரிசையைப் பார்ப்பதே இல்லை. ராணி ஆனால்தான் மதிப்பு என்றால், ஆகாமல் போன அத்தனை பேரையும் நானே தள்ளிவிட்டதாக ஆகிறது. அந்தப் பையனின் சித்தப்பா எந்த வரிசைக்கும் போகவில்லை. மாதாமாதம் அண்ணன் பிள்ளைக்கு நோட்டு, பேனா வாங்கப் பணம் அனுப்பினார். ஊருக்கு வந்தால் அவனோடு உட்கார்ந்து ஆடினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செஸ்ஸில் வழி திறப்பதற்காகத் தெரிந்தே ஒரு சிப்பாயைக் கொடுப்பார்கள். அது ஆட்டம், கொடுக்கலாம். மனிதனை அப்படிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. நாலாவது மாடியில் இடுப்பில் ஒரு பெல்ட்டும் கயிறும் இருந்திருந்தால் அவர் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருப்பார். இந்த இடத்தில் நான் பலகையை மூடி வைத்துவிடுகிறேன். மரக்காய்க்கு வலி கிடையாது, அதற்காகக் காத்திருக்கும் வீடும் கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு நிமிஷம் என்று கை காட்டுகிறார்கள். நடுகல்லைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகப் போனால் செங்கம் வரும். அந்த வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டில் அங்கே ஒரு கல் நட்டார்கள். எருமைகளைக் காக்க நின்று செத்துப்போன ஒருவருக்கு. அவர் பெயர் கருந்தேவகத்தி. கல்லில் மன்னன் பெயர் இருக்கிறது, இவர் பெயரும் இருக்கிறது. பக்கத்தில் அவருடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் இருந்தது என்று எழுதி, அந்த நாயின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். கோவிவன்.

இந்தக் கதையைப் பையனிடம் சொல்லி, தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருக்கும் கற்களில் ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துக்கொண்டே போனான். "இவரு யாரு சார், இவரு யாரு சார்" என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைப் படித்துச் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், ஆட்டம் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை, அவர் பிறந்த வருஷத்தை, ஊரை எழுதினான். கீழே, "எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்தவர்" என்று எழுதினான். அதுவரை எனக்கே தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் நிலத்திலோ ஏரிக்கரையிலோ வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகல்லில் எழுத்து இருந்தால் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து படிப்பார்கள். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.