நாலு சக்கரம் இருந்தால் கவிழாதா? ஏடிவி பற்றி ஒரு நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. ஏடிவி என்பது பைக் போலவே இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து, ரோடு இல்லாத மண் பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி. இன்று ஒரே ஒரு நேயரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் துண்டுதுண்டாகக் கேட்டதெல்லாம் இவர் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவர் எழுதியிருப்பது இதுதான்: “பல வருடமாக பைக் ஓட்டுகிறேன். மலைப்பாதையில் ஓட்டுவதற்கு ஒரு ஏடிவி வாங்கப் போகிறேன். நாலு சக்கரம் இருப்பதால் பைக்கைவிடப் பாதுகாப்புதானே? என் 11 வயது மகனைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டலாமா? மண் பாதை ஆரம்பிக்கும் இடம் வரை தார் ரோட்டிலேயே ஓட்டிப் போகலாமா? பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றும் மலிவாக வருகிறது, அதை வாங்கலாமா?”

முதல் கேள்வியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நாலு சக்கரம் இருக்கிறது, அதனால் கவிழாது என்கிற நினைப்பு. நின்றுகொண்டிருக்கும்போது கவிழாது, உண்மை. ஓடும்போது கதை வேறு. இந்த வண்டியைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லிலும் வேரிலும் அடிபடாமல் போக வேண்டும் என்பதற்காக அடிப்பாகத்தைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே குறுகலான தடத்தில் நுழைய வேண்டும் என்பதால் அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள். உயரம் அதிகம், அகலம் குறைவு. அதன் உச்சியில் நீங்கள் உட்காருகிறீர்கள். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் மேலே போய்விடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினாலோ, வேகமாகத் திருப்பினாலோ, அது சாயத் தயாராக இருக்கிறது.

பைக் விழுந்தால் பெரும்பாலும் நீங்கள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். ஏடிவி உருண்டால் உங்கள் மேலேயே வந்து உட்காரும். பெரியவர்கள் ஓட்டும் வண்டி 300 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். எலும்பு ஒன்றுகூட முறியாமல், நெஞ்சின் மேல் எடை அழுத்தி, மூச்சு விட முடியாமலே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் இப்படித் தொடர்ந்து நடந்ததால்தான் சட்டமே மாறியது. 2021 அக்டோபர் 11 முதல் அங்கே புதிதாக விற்கும் பொதுப் பயன்பாட்டு குவாட் பைக் (ஏடிவிக்கு அங்கே அந்தப் பெயர்தான்) ஒவ்வொன்றிலும், கவிழ்ந்தாலும் வண்டி ஆளை முழுதாக நசுக்காதபடி பின்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி அமைப்பு இருக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் சாயாத அளவுக்கு வண்டிக்கு நிலைத்தன்மையும் இருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், தனியாக ஓட்டும் வழக்கம் இருந்தால் அப்படி ஒரு கம்பியைப் பற்றி விசாரித்துப் பாருங்கள் என்பேன்.

அவர் பைக் அனுபவம் இருப்பதாகச் சொல்கிறார். அந்த அனுபவத்தில் பாதி உதவும், மீதிப் பாதி ஆபத்து. பைக் தடுமாறினால் கால் தானாகத் தரைக்குப் போகும், இல்லையா? ஏடிவியில் அதைச் செய்தால், உங்கள் குதிகாலுக்கு நேர் பின்னால் வருவது பின் டயர். அது காலைக் கவ்வி உள்ளே இழுத்து மேலேயே ஏறிவிடும். வண்டி எப்படி ஆடினாலும் இரண்டு பாதமும் ஃபுட்ரெஸ்டில்தான் இருக்க வேண்டும். அப்புறம் ஆக்சிலேட்டர். பெரும்பாலான ஏடிவிகளில் முறுக்குகிற பிடி கிடையாது, கட்டைவிரலால் தள்ளுகிற சின்ன நெம்புகோல்தான். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பிடி நழுவாமல் இருக்கக் கையை இறுக்குவீர்கள். கூடவே கட்டைவிரலும் இறுகினால் வண்டி பாய்ந்துவிடும். சமதளத்தில் காலியான இடத்தில் மெதுவாகப் போய், நின்று, திரும்பி, கைக்கும் காலுக்கும் இந்தப் புதுப் பழக்கம் வரும்வரை ஓட்டுங்கள். பயிற்சி வகுப்பு கிடைத்தால் அதற்கு இணை எதுவும் இல்லை.

திருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தார் ரோடு கேள்விக்கும் அதிலேதான் பதில் இருக்கிறது. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஏராளமான ஏடிவிகளில் பின் அச்சு ஒரே கட்டை. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். அப்படியானால் திரும்பும்போது ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கித்தான் ஆக வேண்டும். மண்ணிலும் மணலிலும் அது சுலபமாக வழுக்கும், வண்டி திரும்பும். அதற்கு உதவத்தான் ஓட்டுகிறவர் உடலைத் திருப்பத்தின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டில் எடையை ஊன்றுகிறார். உள்பக்கப் பின் சக்கரம் இலேசாகி நழுவும்.

அதே வண்டியைத் தார் ரோட்டில் விடுங்கள். டயர் நழுவாது, பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். இன்னும் கொஞ்சம் திருப்புவீர்கள், திடீரென்று பிடி கிடைக்கும், வண்டி தூக்கியடிக்கும். குறைந்த காற்றழுத்தத்தில் இருக்கும் மெத்தென்ற டயர் அதை இன்னும் மோசமாக்கும். மேலே சொன்ன ஆபத்தோடு எதிரே லாரியும் பஸ்ஸும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதனால், மண் பாதை ஆரம்பிக்கும் இடம் வரை டிரெய்லரிலோ பிக்கப்பிலோ ஏற்றிக் கொண்டுபோங்கள். பல இடங்களில் இந்த வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டமும் விடாது. ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தால், நன்றாகத் தெரிகிற இடத்தில் முழுதாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, நேர்க்குறுக்காகக் கடந்துவிடுங்கள்.

இனி மகன். ஏடிவியின் சீட்டைப் பாருங்கள். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம் போல நீளமாக இருக்கிறது. இந்த நீளம் ஓட்டுகிறவருக்காக. ஏற்றத்தில் முன்னே நகர, இறக்கத்தில் பின்னே நகர, திருப்பத்தில் பக்கவாட்டில் நகர இடம் வேண்டும். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் அந்த இடம் போய்விடுகிறது. ஏற்றத்தில் அவருடைய எடை பின் அச்சுக்கும் பின்னால் விழுந்து முன் சக்கரத்தைத் தூக்கும். ஒருவருக்கான வண்டியில் ஒருவர்தான். இரண்டு பேருக்கென்றே சக்கர இடைவெளியை நீட்டித் தயாரிக்கும் வண்டிகளும் உண்டு. பின் இருக்கை, பிடிமானம், கால் வைக்கும் இடம் எல்லாம் தனியாக இருக்கும். அவற்றைத் தயாரிப்பவர்களே வழக்கமாக 12 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்ற வேண்டாம் என்கிறார்கள். 11 வயதுப் பையனுக்கு அதுவும் சரிவராது.

“சரி, அவனையே ஓட்ட விடலாமா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரியவர்கள் வண்டியில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அதில் சமரசமே வேண்டாம். இந்த வண்டி உடல் எடையை நகர்த்தி ஓட்டும் வண்டி. 35 கிலோ இருக்கும் பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும் 300 கிலோ வண்டிக்கு அது தெரியாது. வயதுவாரியாகச் சின்ன வண்டிகள் வருகின்றன. அமெரிக்கத் தரநிலைப்படி 10 வயதுப் பிரிவு வண்டியில் பெற்றோரே வேகத்தை மணிக்கு சுமார் 24 கிலோமீட்டருக்குள் கட்டிவைக்கலாம். ஆனால் அதே நாட்டின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குள் ஏடிவியே வேண்டாம் என்கிறது. என்னைக் கேட்டால் நான் மருத்துவர்கள் பக்கம். எதிரே வரும் சரிவைப் பார்த்து, இதில் ஏறலாமா வேண்டாமா என்று நிதானிக்கும் பக்குவம் அந்த வயதில் எதிர்பார்க்க முடியாதது. இருந்தாலும் ஓட்டத்தான் போகிறான் என்றால், அவன் வயதுக்குரிய வண்டி, முழு பாதுகாப்பு உடை, உங்கள் கண் பார்வைக்குள் சமதளம். பெரியவர்கள் போகும் மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

மலை என்றதும் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். விபத்து வருவது பாதி ஏறி நின்றுபோகும்போது. ஏறத் தொடங்கும் முன்பே சரியான கியரைப் போட்டு, உடலை முன்னே சாய்த்து, ஒரே சீராக ஏறுங்கள். நடுவில் இன்ஜின் திணறி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை மேட்டுப்பக்கமே வைத்து, பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, மேட்டுப்பக்கமாக இறங்க வேண்டும். அதற்குள் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கிவிட்டால்? அப்போது கை தன்னிச்சையாகச் செய்கிற இரண்டு காரியம்தான் ஆளைக் கொல்லும். ஒன்று, ஆக்சிலேட்டரை அழுத்துவது. முன் சக்கரம் எழும்பி வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து உங்கள் மேலேயே விழும். இன்னொன்று, பின் பிரேக்கைச் சட்டென்று பிடிப்பது. உருண்டுவருகிற வண்டியின் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதை அச்சாக வைத்து முன்பக்கம் மேலே எழும். உடலை மேட்டுப்பக்கம் நன்றாகச் சாய்த்து, முன் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். முழுதாக நின்ற பிறகுதான் பின் பிரேக், பார்க்கிங் பிரேக். அதுவும் கைமீறிப் போகிறது என்றால், மேட்டுப்பக்கமாகக் குதித்து விலகிவிடுங்கள், வண்டி போனால் போகட்டும். சில வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே பிடியில் சேர்ந்திருக்கும். அதனால் உங்கள் வண்டியின் கையேட்டில் இந்தப் பக்கத்தை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள்.

இறக்கம் இதைவிடச் சுலபம். எடை பின்னே, கியர் குறைவாக, நேராக இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே போவதைக் கூடுமானவரை தவிர்க்கவும். வேறு வழியில்லை என்றால் உடலை மேட்டுப்பக்கம் சாய்த்து மெதுவாகப் போங்கள். சாய்கிறது என்று தோன்றிய நொடியில் ஹேண்டில்பாரைப் பள்ளப்பக்கம் திருப்ப வேண்டும். மனசு மேட்டுப்பக்கம் திருப்பத்தான் சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

உடை பற்றி உங்களுக்கே தெரியும்: தரச்சான்று உள்ள ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முழுக்கை, முழுக்கால். ஹெல்மெட்டுக்கு வார் மாட்டாதவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். வார் மாட்டாத ஹெல்மெட் முதல் குதியிலேயே கழன்றுவிடும்.

டயர் காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும். பல ஏடிவிகளின் டயருக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான் காற்று. காருக்கு வைத்திருக்கும் அளவுமானியில் அந்த அளவைச் சரியாகப் படிக்கவே முடியாது. பெட்ரோல் பங்க்கில் காருக்கு அடிப்பதுபோல் அடித்தால் டயர் கல்லாகிவிடும், ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். இடது டயருக்கும் வலது டயருக்கும் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குறைந்த அழுத்தம் காட்டும் அளவுமானி தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

பாதையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். உள்ளே நுழைய அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், போட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். ஓடையைக் கடக்கக் குறித்த இடத்தில் மட்டும், மெதுவாக, நேர்க்குறுக்காகக் கடங்கள். மறுகரை ஏறியதும் பிரேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து ஈரத்தை உலர்த்துங்கள். ஒன்றிரண்டு பேராவது சேர்ந்து போங்கள். புழுதியில் முன் வண்டி மறையாத அளவுக்கு இடைவெளி விடுங்கள். குழுவாகப் போகிறவர்கள் எதிரே வருபவருக்கு விரலைக் காட்டுவார்கள். மூன்று விரல் என்றால் பின்னால் இன்னும் மூன்று வண்டி வருகிறது, மூடிய கை என்றால் இதுதான் கடைசி. குதிரையில் யாராவது வந்தால் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். குரலைக் கேட்டால்தான் நீங்கள் மனிதர் என்று குதிரைக்குப் புரியும், மிரளாது.

கடைசியாக அந்த மூன்று சக்கர வண்டி. வாங்காதீர்கள். 1970இல் ஹோண்டா கொண்டுவந்ததிலிருந்து 1980கள் வரை அவை ஏராளமாக விற்றன, விபத்துகளும் குவிந்தன. திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் எடை முன் மூலைக்குப் பாயும், அந்த மூலையில் தாங்கச் சக்கரமே கிடையாது. 1988இல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டில் தயாரிப்பாளர்கள் அங்கே விற்பதை நிறுத்தினார்கள். 2008இல் புதிய மூன்று சக்கர வண்டியை அங்கே இறக்குமதி செய்யவோ விற்கவோ சட்டமே தடை போட்டது. பட்ஜெட் குறைவு என்றால் பழைய நாலு சக்கர வண்டியையே பாருங்கள். பார்க்கப் போகும்போது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கிறது. அப்புறம் ஆக்சிலேட்டரை முழுதாகத் தள்ளிவிட்டு விரலை எடுங்கள், அது தானாக உடனே திரும்பி வர வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடியிலும் வலது கோடியிலும் வைத்து இதைச் செய்யுங்கள். எங்கேயாவது சிக்கி நின்றால், கேபிளை மாற்றித் தரும் வரை அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள்.