மறதி, மது, பழைய போர்

நண்பர்களே, முன்னாள் படைவீரர் ஒருவருக்கு எழுபது வயதில் மறதி வருகிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போர் முடிந்து நாற்பது வருஷம் கழித்தும் கெட்ட கனவு வரும். வேலையில் இருந்தவரை அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. ஓய்வு பெற்றதும் பகல் நீள்கிறது, கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள், பழையது கிளம்புகிறது. தூங்குவதற்காக ஒரு பெக் போடுகிறார். மது தூங்க வைக்கும்தான். பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைக்கும். அப்புறம் இன்னொரு பெக். வயதான உடம்பில் நீர் குறைவு. அதனால் முன்பு தாங்கிய அதே அளவு இப்போது ரத்தத்தில் கூடுதலாக ஏறும். கூடவே தூக்க மாத்திரையும் இருந்தால் விழுவார், தலையில் அடிபடும்.

அமெரிக்காவில் 55 வயதைத் தாண்டிய சுமார் 1,81,000 முன்னாள் படைவீரர்களின் பதிவுகளை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. ஏழு ஆண்டுகளில், போர் போன்ற அதிர்ச்சிகளுக்குப் பின் வரும் மனநோய் இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிற, நினைவும் சிந்தனையும் தேய்ந்துபோகும் நோய் வந்தது, இல்லாதவர்களில் 6.6 சதவீதம். எதனால் எது வந்தது என்பதை இந்தக் கணக்கு மட்டும் நிரூபித்துவிடாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசமா இது?

இதில் சரிசெய்யக்கூடிய பகுதியும் உண்டு. நிறையக் குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைகிறது. திடீர்க் குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு என்று வந்தால் அது அவசர நிலை. உடனே ஊசி வழியாகத் தயமின் கொடுத்தால் பெருமளவு மீட்கலாம். தாமதித்தால் புதிதாக எதுவும் நினைவில் பதியாத கோர்சகாஃப் நிலையில் கொண்டுபோய் விடலாம். குடியை நிறுத்தி, நன்றாகச் சாப்பிட்டு, மாதக்கணக்கில் தேறியவர்கள் இருக்கிறார்கள். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் இப்படி நடப்பதில்லை. அதனால்தான் எது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவைத்தால் போதுமா? அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவரிடம் அழைத்துப் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பெரியவரிடம் எடுத்தவுடன் "எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்டால் பாதியைத்தான் சொல்வார். "ராத்திரி தூக்கம் எப்படி?" என்று ஆரம்பியுங்கள்.