அந்த மூலை வெள்ளாமை

தாய்மாரே, தகப்பன்மாரே, சைக்கிளைச் சாத்திவிட்டுப் பின்னால் நிற்கிற தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

“எங்கட பொடியனுக்குப் பொறுப்பே இல்ல” என்ற பேச்சு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில் கேட்காத வீடில்லை. சரி, பொறுப்பாக அவனிடம் எதைக் கொடுத்தீர்கள்? வயல் குடிசைக்கு, அதுதான் வாடிக்கு, சோறு கொண்டுபோ, டீசல் வாங்கி வா என்பதெல்லாம் ஏவல்தான், பிழை விட்டால் அவனுக்கு நோகாது.

எனக்கு அப்போது 12 வயது. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே எங்கள் வயல். மாரி வெள்ளாமைக்கு, உங்களுக்குத் தெரியும், நாங்கள் நாற்று நடுவதில்லை, ஏக்கருக்கு இரண்டரை, மூன்று புசல் நெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி முளைகட்டி, சேற்றில் வீசி விதைக்கிறோம். விதைத்த முதல் கிழமையில் வயலில் தண்ணீர் நின்றால் முளை மூச்சடைத்து அழுகிவிடும். ஐப்பசி கடைசியில் வானம் எப்போது இடிந்து விழும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வக்கடை, அதாவது தண்ணீர் வடிய வரம்பில் வெட்டிய வாய், அதைப் பார்க்க ஆள் வேண்டும். அப்பா என்னிடம் சொன்னார், “மனே, மழ வந்தா கீழ்வரம்பு வக்கடையத் திறந்து உடு. அது உன்ட வேல.”

இரண்டு நாள் ஓடி ஓடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் மழை. இலேசான தூறல்தானே என்று படுத்தேன், விடிய எழும்பிப் போனால் கீழ்மூலையில் கணுக்கால் தண்ணீர். வக்கடையில் வைக்கோலும் சேறும் அடைத்துக் கிடந்தன. நான்கு நாளில் சுற்றிவரப் பச்சை ஊசி ஊசியாகக் கிளம்பியது, அந்த மூலையில் மட்டும் பாய் விரித்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வெறும் சேறு.

அப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். மூன்று கிழமை கழித்து, அடர்ந்து முளைத்த இடங்களில் பயிரைக் கிளப்பி அந்தச் சொட்டைகளில் நடும்படி சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஐந்து நாள் குனிந்து நட்டேன். அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே தினமும் போய்ப் பார்த்தேன், பிடித்ததா, இலை மஞ்சளா என்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யானைக் காவலுக்குப் பிள்ளையை இரவில் பரணுக்கு அனுப்பாதீர்கள். பூச்சிமருந்து அடிக்கிற தாங்கியை அவன் முதுகில் ஏற்றாதீர்கள். 16 வயது வரை பள்ளிக்கூடம் சட்டப்படி கட்டாயம், வெள்ளாமை வெட்டும் காலம் என்று அவனை மறிக்கவும் கூடாது. ஒரு வக்கடை, ஒரு கன்று, ஒரு பாத்தி மிளகாய் போதும், ஆனால் அது முழுக்க அவனுடையதாக இருக்கட்டும். அவன் பிழை விடும்போது நீங்கள் ஓடிப்போய்த் திருத்தாதீர்கள், அதுதான் பெற்றவருக்குக் கஷ்டமான வேலை.

மாசியில் வயல் பொன்னாக விளைந்தது. பிந்தி நட்ட என் மூலை மட்டும் பச்சை. நெல் வெட்டும் தாக்கத்தியோடு ஆட்கள் வந்து இறங்கிய அன்று, வயல் காரியங்களைப் பார்க்கிற வட்டவிதானையார் வரம்பில் நின்று, “இதென்ன, இந்த மூல இன்னும் விளையல்ல?” என்றார். அப்பா என்னைக் காட்டி, “அது மகன்ட வெள்ளாம, அவனட்டக் கேளுங்க” என்றார்.

ஒரு கதிரைப் பிடுங்கி நகத்தால் நசித்துப் பார்த்தேன். பால் இறுகியிருந்தது.

“இன்னும் எட்டு நாள் செல்லும்” என்றேன்.

விதானையார் தலையாட்டிவிட்டு, ஆட்களை மேல்வயலுக்கு ஏறச் சொன்னார்.