முதல் பேஸுக்கு வந்த கேட்சர்

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பாலில் முதல் பேஸ் என்று ஓர் இடம் உண்டு. பந்தை அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு 90 அடி ஓடிச் சேர வேண்டிய இடம். அவர் வந்து சேர்வதற்குள், அங்கே பேஸை மிதித்தபடி நிற்பவர் கைக்குப் பந்து வந்துவிட்டால் அவுட். நம் கிரிக்கெட்டின் ரன் அவுட் போலத்தான். கிரிக்கெட்டில் அது எப்போதாவது நடக்கும். இங்கே ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்ப நடக்கும்.

அவ்வளவு வேலை உள்ள இடத்தில் யாரை நிறுத்துவார்கள்? நன்றாக அடிப்பவர், ஆனால் ஓட்டமும் வீச்சும் போதாதவர் என்றால், "முதல் பேஸில் நில்" என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு, முதல் பேஸ் ஆளை ஒளித்துவைக்கும் இடமல்ல என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் கட்சி. அதற்குக் காரணம் 2002ஆம் ஆண்டின் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அணி.

அப்போது நான் கலிபோர்னியாவில், ஓக்லண்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். ரயிலை விட்டு இறங்கினால் நடைபாலம். பாலத்தைக் கடந்தால் கொலிசியம் அரங்கம். 2001இல் அந்த அணி 102 ஆட்டங்களில் வென்றது. ஆனால் அடுத்த கட்டத்தில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. தோற்றதோடு போகவில்லை. ஓக்லண்டின் முதல் பேஸ் ஆட்டக்காரர் ஜேசன் ஜியாம்பியை அதே யாங்கீஸ் ஏழு ஆண்டுக்கு 12 கோடி டாலர் பேசி அழைத்துக்கொண்டது. ஓக்லண்ட் அணி முழுவதற்குமான ஓர் ஆண்டுச் சம்பளமே சுமார் 4 கோடி டாலர்தான். அவுட்ஃபீல்டின் நடுவில் நின்ற ஜானி டேமன் பாஸ்டனுக்குப் போனார். ஒரே குளிர்காலத்தில் முதல் பேஸும் காலி, அவுட்ஃபீல்டும் காலி.

ஜியாம்பி போனது எவ்வளவு பெரிய இழப்பு என்று ஒரே கணக்கில் சொல்கிறேன். 2001இல் அவர் பேஸைச் சென்றடைந்த விகிதம் .477. நூறு முறை மட்டையோடு நின்றால் கிட்டத்தட்ட 48 முறை அவுட்டாகாமல் பேஸ் சேர்ந்துவிடுவார் என்று பொருள். அப்படி ஒருவருக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

ஓக்லண்ட் தேடிப் பிடித்தவர்களில் ஒருவர் ஸ்காட் ஹேட்டபெர்க். அவர் கேட்சர். நம் விக்கெட் கீப்பரைப் போல மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடுகிறவரை நிறுத்த, எழுந்து இரண்டாவது பேஸுக்குப் பந்தை எறிய வேண்டியதும் கேட்சர்தான். ஹேட்டபெர்க்கின் முழங்கையில் நரம்பு பாதிக்கப்பட்டு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இனி அந்த எறிதல் வராது. பாஸ்டன் அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்தது, கொலராடோவும் வேண்டாம் என்று விட்டது. ஓக்லண்ட் உடனே கூப்பிட்டது. காரணம், அவருடைய கண். ஆகாத பந்துக்கு மட்டையை ஓங்க மாட்டார். பொறுத்து நின்று, பந்து வீசுகிறவரைக் களைப்பாக்கி, எப்படியாவது பேஸ் சேர்ந்துவிடுவார்.

அடிப்பது சரி, முதல் பேஸில் நிற்பது? அவர் அங்கே முறையாக ஆடியதே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் தன் ஊரில் ஒரு டென்னிஸ் மைதானத்துக்குப் போனார். மனைவி பந்தை ஒரு கம்பத்தின் மேல் வைத்துத் தரையோடு அடிப்பார். இவர் ஓடி எடுப்பார். பெரிய அணிகளில் ஆடிய ஒருவர், டென்னிஸ் மைதானத்தில், மனைவி அடித்துக் கொடுக்கும் பந்தை எடுத்துப் பழகுகிறார்! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

பிறகு அவரைச் செதுக்கியவர் பயிற்சியாளர் ரான் வாஷிங்டன். ஆட்டத்துக்கு முன்னால் நடக்கும் பயிற்சியைப் பார்க்கவே நான் சீக்கிரம் போய் உட்கார்ந்துவிடுவேன். கவனித்துப் பாருங்கள், முதல் பேஸ் வேலை காலில்தான் இருக்கிறது. பேஸைக் குனிந்து பார்க்கக் கூடாது. வலது பாதத்தின் ஓரம் அதைத் தானே உணர வேண்டும். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் இடது காலை நீட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்பே நீட்டிவிட்டால், பந்து அரை அடி விலகி வந்தாலும் உடல் திரும்பாது. பந்து காலடியில் குத்தி எழும்பினால், எழும்பும் அந்த நொடியிலேயே கையுறையால் அள்ள வேண்டும். கொலிசியத்தில் இன்னொரு சுமையும் இருந்தது. கோட்டுக்கு வெளியே காலியிடம் மிக அதிகம். வேறு அரங்கில் கூட்டத்துக்குள் போய் விழும் பந்தை அங்கே துரத்திப் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. இதையா ஒளிந்துகொள்ளும் இடம் என்கிறார்கள்?

பருவம் தொடங்கியபோது அங்கே நின்றவர் கார்லோஸ் பெனா என்ற இளைஞர். மே மாதம் அணி தடுமாறியதும் அவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு முதல் பேஸ் பெரும்பாலும் ஹேட்டபெர்க்குடையது. அந்த ஆண்டில் அவருடைய விகிதம் .374, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் ஹோம் ரன் 15. ஜியாம்பி அல்ல, ஆனால் ஓட்டையை அடைத்தார்.

செப்டம்பர் 4, புதன்கிழமை இரவு. அணி தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்றிருந்தது. அரங்கில் 55,528 பேர். கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 11-0 என்று முன்னால் இருந்தோம். அதை அவர்கள் 11-11 ஆக்கிவிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்று தொடக்க அணியில் ஹேட்டபெர்க் இல்லை. கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில், ஒருவர் அவுட்டான பிறகு, மாற்று மட்டையாளராக வந்தார். முதல் பந்தை விட்டார். இரண்டாவது பந்து வலது நடுப்பக்க வேலியைத் தாண்டிப் போனது. 12-11. ஓக்லண்ட் ஆடிய அமெரிக்கன் லீகில் அதுவரை யாரும் தொடர்ந்து 20 வென்றதில்லை. முதியவர் தொப்பியை மறந்துவிட்டு எழுந்து நின்றார். அதை எடுத்துக் கொடுத்தவன் நான்.

இன்னும் இரண்டே நிமிடம் என்று கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். அவுட்ஃபீல்டு முழுவதும் மிச்சம் இருக்கிறது! சுருக்கமாகச் சொல்கிறேன். இடப்பக்கம் டேவிட் ஜஸ்டிஸ், வயது 36, அதுவே அவருக்குக் கடைசிப் பருவம். நடுவில் டேமன் இடத்தில் டெரன்ஸ் லாங். வலப்பக்கம் ஜெர்மெயின் டை, முந்தைய அக்டோபரில் தான் அடித்த பந்தே பட்டுக் கால் எலும்பு முறிந்தவர். ஜேசனின் தம்பி ஜெரமியை மே மாதமே பிலடெல்பியாவுக்குக் கொடுத்து ஜான் மாப்ரியை வாங்கினார்கள். அவர் அவுட்ஃபீல்டிலும் நின்றார், முதல் பேஸிலும் நின்றார். இந்த ஆட்களோடு 103 வெற்றி. அக்டோபரில் மினசோட்டாவிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள். ஹேட்டபெர்க் 2005 வரை ஓக்லண்டில் ஆடினார். அதன் பிறகு சின்சினாட்டி அவரை அழைத்துக்கொண்டது, முதல் பேஸில் நிற்பதற்கு. வணக்கம்.