ஊர்ப்பொது அண்டா

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓர் இருட்டு அறை உண்டு. அதற்குள் இரண்டு பெரிய அண்டா, நாலைந்து தவலை, நீளக் காம்பு வைத்த கரண்டிகள். அண்டாவின் விளிம்பில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி 'ஊர்ப்பொது' என்று எழுதியிருக்கும். கல்யாணமோ கருமாதியோ, வீட்டுக்காரர் போய்ச் சாவி கேட்டு எடுத்து வருவார். காரியம் முடிந்ததும் புளி போட்டுத் துலக்கித் திருப்பி வைக்க வேண்டும். அடியில் கரி ஒட்டியிருந்தால் சாவி வைத்திருக்கும் பெரியவர் திரும்ப வாங்கமாட்டார். ஊர் முழுக்க இரண்டே அண்டா, ஆனால் ஒரு விருந்தும் அண்டா இல்லாமல் நின்றதில்லை.

இப்போது உலகம் முழுக்கப் பகிர்வுப் பொருளாதாரம் என்று பேசுகிறார்களே, அதைக் கேட்டதும் எனக்கு இந்த அண்டாதான் ஞாபகம் வந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம், சும்மா கிடக்கும் பொருளைத் தேவைப்படுகிறவர் எடுத்துப் பயன்படுத்தட்டும், ஆளோடு ஆளைச் சேர்த்துவைக்க ஒரு கைபேசிச் செயலி போதும் என்கிறார்கள். ஒரு கார் தன் ஆயுளில் 100க்கு 95 பங்கு நேரம் நின்றபடியேதான் கிடக்கிறது என்பது போக்குவரத்து ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் காரைச் செய்ய வெட்டிய இரும்பு, எரித்த நிலக்கரி, அதை நிறுத்திவைக்கத் தார் போட்ட இடம், எல்லாம் அந்த 5 பங்கு ஓட்டத்துக்காக. பகிர்ந்துகொண்டால் இதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம் என்பது நியாயமான எண்ணம்தான்.

2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திண்டாடிய இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டுத் தரையில் காற்றடைத்த மெத்தை விரித்து மூன்று பேரைக் காசுக்குத் தங்கவைத்தார்கள். அதுதான் அடுத்த ஆண்டு, வீட்டை நாள் வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் ஏர்பிஎன்பி நிறுவனம் ஆனது. 2009இல், செயலியில் அழைத்தால் கார் வரும் ஊபர் வந்தது. புதிய ஓட்டல் கட்டாமலே அறை கிடைக்கும், புதிய கார் வாங்காமலே பயணம் நடக்கும் என்றார்கள். நானும் நம்பினேன்.

நடந்தது என்னவென்றால், அமெரிக்காவில் அக்கறையுள்ள விஞ்ஞானிகள் ஒன்றியம் 2020இல் ஒரு கணக்குப் போட்டது. செயலியில் அழைக்கும் வாடகைக் கார்ப் பயணம், அது இல்லாவிட்டால் மக்கள் எப்படிப் போயிருப்பார்களோ அதைவிடச் சராசரியாக 69 சதவீதம் கூடுதல் கரியமிலப் புகையைக் கக்குகிறதாம். காரணம் புரியாத விஷயமில்லை. பேருந்தில் போக வேண்டியவர், நடந்தே போயிருக்கக்கூடியவர் எல்லாம் காரில் ஏறுகிறார்கள். அடுத்த சவாரி பிடிக்கக் கார் காலியாகவே சுற்றுகிறது. இதே காரை நாலு பேர் சேர்ந்து பிடித்தால், அதுவும் மின்சாரக் காராக இருந்தால், கணக்கு நல்லபடியாகத் திரும்பிவிடுகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. நம் ஊர் ஷேர் ஆட்டோ என்றைக்கோ செய்துவிட்ட வேலை அது.

வீட்டு விஷயமும் அப்படித்தான். தன் வீட்டில் மிச்சமிருந்த இடத்தைக் கொடுத்தது போய், சுற்றுலாப் பயணிக்கென்றே வீடு வாங்கிப்போடும் தொழில் வளர்ந்தது. பார்சிலோனா நகரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கட்டுப்படியாகாமல் போய், அங்கே 10,000க்கு மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028க்குள் முடித்துவிடப் போவதாக 2024இல் மேயரே அறிவித்தார்.

அப்புறம் வேலை செய்கிறவர்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பெங்களூரில் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள்! என் அக்கா பேரன் ஒருத்தன். பொங்கலுக்கு வந்தவனிடம், "ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவுன்னு யாருப்பா முடிவு பண்றது?" என்று கேட்டேன். "ஆப்தான் தாத்தா" என்றான். "கம்மியா இருந்தா யார்கிட்ட போய்க் கேப்ப?" என்றதற்கு அவனிடம் பதில் இல்லை. லண்டனில் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாகத்தான் நடத்த வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தப் பிள்ளைகளுக்கு 'கிக் தொழிலாளர்' என்று ஒரு பெயர் கொடுத்தது. தமிழ்நாடு 2023 கடைசியில் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. நல்ல தொடக்கம். ஆனாலும் அந்தப் பையன் கேட்டுப் போக ஒரு வாசல் வேண்டும். எங்கள் ஊரில் அண்டா கிடைக்காவிட்டால் சாவிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போடலாம். செயலிக்குத் திண்ணை இல்லை.

சாவியை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டு பகிர முடியுமா? முடியும், நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

2017இல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டம் கொண்டுவந்தது. 20 சிறு குறு விவசாயிகள் சேர்ந்து ஓர் ஆர்வலர் குழு, அப்படி 5 குழு சேர்ந்தால் 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதற்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. எங்கள் குழு அந்தக் காசில் ராகி அடிக்கும் இயந்திரமும் களையெடுக்கும் பவர் வீடர் ஒன்றும் வாங்கியது. அதற்கு முன்னால் ராகிக் கதிரைத் தார்ரோட்டில் பரப்பி, லாரியும் பஸ்ஸும் ஏறி இறங்கட்டும் என்று ஓரமாகக் காத்துக்கிடப்போம். பைக்கில் வந்த எத்தனை பேர் அதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்!

முதல் வருஷமே தகராறு. கார்த்திகையில் மழை மிரட்டிக்கொண்டிருந்த நேரம். இயந்திரம் என் முறைக்கு வந்தபோது உள்ளே சல்லடை கிழிந்திருந்தது. கிழித்தது யார் என்று எடுத்தவர் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டேங்கில் டீசலும் இல்லை. பாலக்கோடு போய்ச் சல்லடை வாங்கி மாட்டுவதற்குள் இரண்டு நாள் போனது, என் கதிரில் பாதி நனைந்து முளைவிட்டது. அன்று ராத்திரியே கூட்டம் போட்டோம். கத்தினோம். கடைசியில் ஒரு நோட்டு போட்டோம். வாங்குகிறவர், கொடுக்கிறவர் எதிரிலேயே இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். டீசல் நிரப்பி எடுத்தால் நிரப்பியே தர வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று நாங்களே வைத்த தொகையில் ஒரு பங்கு ரிப்பேருக்குத் தனியாகப் போகும். யார் கதிர் முதலில் முற்றுகிறதோ அவருக்கு முதல் முறை. அதற்கப்புறம் சல்லடை கிழியவே இல்லை என்று சொல்லமாட்டேன். கிழிந்தால் யார் மாட்டுவது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

பொதுச் சொத்தை ஊர்க்காரர்கள் தாங்களாகவே விதி வைத்துக் காப்பாற்ற முடியும் என்று உலக நாடுகளில் ஆராய்ந்து சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். பொருளாதாரத்தில் நோபல் பெற்ற முதல் பெண்மணி, 2009இல். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக் கிராமம். குளிர்காலத்தில் உன் வீட்டுத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517இலேயே அங்கே விதி எழுதிவிட்டார்கள். அஞ்செட்டியில் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பகிர்ந்துவிடவும் முடியாது. பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், புழுவைக் கூடு கட்டவிடும் சந்திரிகைத் தட்டு ஒரு பருவத்துக்கு 5, 6 நாள்தான் வேலைக்கு ஆகும். இரவல் கொடுக்க ஏற்ற பொருள். ஆனால் மருந்து தெளித்து வெயிலில் காயவைக்காமல் கைமாற்றினால் ஒரு வீட்டுப் புழுவின் நோய் அடுத்த வீட்டுப் புழு வளர்ப்பு மனைக்குப் போய்விடும். தக்காளிக்கு அந்தப் பயம் இல்லை. அஞ்சு பேர் கிரேட்டில் ஆளுக்கொரு பெயிண்ட் அடையாளம் வைத்து ஒரே குட்டியானையில் ராயக்கோட்டை மண்டிக்கு ஏற்றிவிடுகிறோம். முன்பு அஞ்சு வண்டி பாதிப் பாரத்தோடு போகும்.

காசைப் பகிர்ந்துகொள்வதில் நம் மாவட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் முந்தியவர்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது இதற்குள்தான் இருந்தது.

அண்டா விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அதில் ஊர்ப்பொது என்று எழுதியிருந்ததே, காலனி என்று நாம் ஒதுக்கிவைத்த தெருவுக்கு அந்த அண்டா ஒரு நாளும் போனதில்லை. கேட்கவும் அவர்களை விட்டதில்லை. என் சின்ன வயதில் அது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இன்று நினைத்தால் நெஞ்சு குறுகுகிறது. முகம் பார்க்காத செயலி வந்தால் இது ஒழிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பியில் சோதித்தபோது, கறுப்பினப் பெயர் போலத் தெரிந்த விருந்தாளிகளை வீட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்வது 16 சதவீதம் குறைவாக இருந்தது. பெயர் ஒன்று போதுமாயிருக்கிறது.

அதனால்தான் எங்கள் நோட்டில் முறை கதிரைப் பார்த்து எழுதப்படுகிறது, தெருவைப் பார்த்து அல்ல. இதற்கும் ஒரு கூட்டம் நடந்தது, இரண்டு பேர் எழுந்து போனார்கள், ஒருத்தர் திரும்பி வந்தார். இந்த வருஷம் முதலில் முற்றியது அந்தத் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மாவின் முக்கால் ஏக்கர் ராகி. வரும் புதன்கிழமை இயந்திரம் அங்கே போகிறது. அது இப்போது என் கொட்டகையில்தான் நிற்கிறது. அந்த அம்மா காலையிலேயே வந்து, என் எதிரில் ஓட்டிப் பார்த்து, சல்லடையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். டீசல் நிரப்பி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.