ஓய்வு பெற்ற பின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை: நேயரின் கேள்விக்கு விளக்கம்

வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்ற நேயர் ஒருவர், "ஓய்வூதியம் தவறாமல் வருகிறது, பிள்ளைகளும் நிலைபெற்றுவிட்டார்கள், ஆனாலும் காலை பத்து மணியானால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, மனைவியோடு தொட்டதற்கெல்லாம் பிணக்கு வருகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, தமிழக அரசு 58 ஆக இருந்த ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அப்படிக் கூடுதலாகக் கிடைத்த காலத்திலும் நம்மில் பலர் கோப்புகளைப் பற்றி நினைத்தோமே தவிர, கோப்பு இல்லாத காலைப் பொழுதைப் பற்றி நினைக்கவில்லை. நடைப்பயிற்சி, கோயில், தோட்டம் என்று பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவை நல்லவையே, ஆனால் இத்தனை ஆண்டுகள் உங்கள் மேசைக்கு முன்னால் மனிதர்கள் காத்திருந்தார்கள், ரோஜாச் செடி அப்படிக் காத்திருப்பதில்லை. ஆகவே, குறித்த நாளில், குறித்த நேரத்தில் உங்களை ஒருவர் எதிர்பார்க்கும்படியான ஒரு பொறுப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

உங்கள் துறையிலேயே அதற்கு வழியிருக்கிறது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திற்கு வருபவர்களில் பலர், பட்டா மாறுதலுக்கு எந்த ஆவணத்தை இணைப்பது, வாரிசுச் சான்றிதழ் மனுவை யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் வாசலிலேயே காசு கொடுத்து மனு எழுதிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் உங்கள் தெருவிலேயே ஓரிடத்தில் அமர்ந்து, சிட்டாவையும் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்து, சர்வே எண் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, மனுவைக் கட்டணமின்றி எழுதிக் கொடுங்கள். அந்த மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய அலுவலகத்திற்கு மட்டும் போய்விடாதீர்கள். பரிந்து பேசத் தொடங்கினால், நீங்கள் வேண்டாவிட்டாலும் இடைத்தரகர் என்ற பெயர் வந்துவிடும்.

மனைவியைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் அலுவலகம் போயிருந்த நேரமெல்லாம் அந்த வீட்டை நடத்தியவர் அவர். பால் கணக்கையும் மளிகைச் சீட்டையும் நீங்கள் இப்போது தணிக்கை செய்தால் பிணக்கு வராமல் என்ன செய்யும்? காய்கறி வாங்குவதையோ காலைச் சிற்றுண்டியையோ முழுதாக ஏற்றுக்கொண்டு, மற்றவற்றில் கருத்துச் சொல்லாமல் இருங்கள். அவருக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டு எதிலும் நாட்டமில்லாமல் போனால், அதை மனச்சோர்வு என்று கருதி மருத்துவரைப் பார்ப்பதே முறை. 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி மையத்தை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.