பந்தும் தாளமும் சிதாரும்: இசை நடத்துநர் கேரன் கமென்செக் என்ன செய்கிறார்?

[காட்சி: இருண்ட மேடை. வெள்ளைப் பந்துகள் மேலே எழும்பி இறங்குகின்றன.]

2019 நவம்பர் 8. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் 'அக்னாட்டன்' ஓபரா. மேடையில் பாடகர்களோடு பந்து வித்தைக்காரர்களும் இருக்கிறார்கள். இசையின் தாளத்துக்கு அவர்கள் பந்துகளை எறிந்து பிடிக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தாளம் கொஞ்சம் மெதுவானால் பந்தை இன்னும் உயரமாக எறிய வேண்டும். வேகமானால் தாழ்வாக எறிய வேண்டும். எறிந்த பிறகு அது எப்போது கீழே வரும் என்பது யார் கையிலும் இல்லை. வழக்கமான இத்தாலிய ஓபராவில் பாடகர் மூச்சு வாங்க நடத்துநர் ஒரு நொடி காத்திருப்பார். ரசிகருக்கு அதுவும் ஒரு சுகம்தான். இங்கே அப்படிக் காத்திருந்தால் பந்து கையை விட்டுப் போய்விடும்.

மேடைக்கு முன்னாலிருக்கும் பள்ளத்தில் நின்று இத்தனையையும் பிடித்து வைத்திருந்தவர் கேரன் கமென்செக். அந்த அரங்கில் அவருக்கு அதுதான் முதல் முறை.

[காட்சி: ஆர்கெஸ்ட்ராவின் படம். வயலின்கள் இருக்க வேண்டிய இடம் காலி.]

'அக்னாட்டன்' முதலில் அரங்கேறியது 1984இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில். கதை, பழைய கடவுள்களை ஒதுக்கிவிட்டுச் சூரியனை மட்டும் வணங்கச் சொன்ன எகிப்திய மன்னனைப் பற்றியது. அப்போது பெரிய அரங்கில் பராமரிப்பு வேலை நடந்ததால் ஒரு சின்ன அரங்கு கிடைத்தது. அங்கே முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார இடமில்லை. கிளாஸ் என்ன செய்தார் தெரியுமா? வயலின்களையே எடுத்துவிட்டார்! அதனால் தந்தி வாத்தியங்களில், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான, தாழ்ந்த ஓசை கொண்ட வியோலாதான் உச்சம். மொத்த ஓசையும் கனத்து, இருண்டு ஒலிக்கிறது. மன்னனாகப் பாடுபவர் கவுன்டர்டெனர், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண். முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சி வரை அவர் வாயே திறப்பதில்லை. அந்த இருட்டிலிருந்து திடீரென்று அந்தக் குரல் வரும்போது உடம்பு சிலிர்க்கும்.

பாட்டு பண்டைய எகிப்திய மொழி, பழைய மெசபடோமியாவின் அக்காடியன், எபிரேயம் என்று மாறி மாறி வருகிறது. சூரியனைத் துதிக்கும் பாட்டை மட்டும் கேட்பவர்களின் மொழியிலேயே பாட வேண்டும் என்பது கிளாஸின் ஏற்பாடு. அது முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்து எபிரேயத்தில் கோரஸ் எழும். நடத்துநருக்குப் பாடுபவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர்கள் அவருடைய கையைத் திரையில் பார்த்துப் பாடுவார்கள். இது ஓபரா அரங்குகளின் வழக்கம்.

சரி, இந்த இசையை நடத்துவதில் எது கடினம்?

கிளாஸின் இசையில் ஒரு சின்ன ஸ்வரக்கோர்வை திரும்பத் திரும்ப வரும். கேட்பவருக்கு ஒன்றும் மாறாதது போலத் தோன்றும். திடீரென்று அதில் ஒரு ஸ்வரம் கூடும். நமக்குச் சொற்கட்டில் சொன்னால் சட்டென்று புரியும்: தகிட, தகிட, தகிட... அப்புறம் தகதிமி, அப்புறம் தகதகிட. மூன்று நான்காகி, நான்கு ஐந்தாகிறது. பல நிமிடம் ஒரே கோர்வையை வாசித்த கலைஞர் எத்தனையாவது சுற்றில் இருக்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். அவருக்குப் பதில் எண்ணுவது நடத்துநர். மாறும் இடத்துக்கு முன் இடது கையில் ஒரு சைகை. அது அரை நொடி பிந்தினால் ஆர்கெஸ்ட்ரா இரண்டாகப் பிரியும்.

கிளாஸ் இதைக் கற்ற இடமும் சுவாரஸ்யமானது. 1960களின் நடுவில், பாரிஸில், சிதார் மேதை ரவிசங்கரின் இசையை மேற்கத்திய முறையில் எழுதிக் கொடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. தபலா கலைஞர் அல்லா ரக்கா, எழுதியது சரியில்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசியில் தாளத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் கோடுகளை கிளாஸ் அழித்துவிட்டார். அப்போதுதான் முழு ஆவர்த்தனம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

[காட்சி: வரைபடம். சிகாகோ, வியன்னா, ஃப்ரைபுர்க், மாரிபோர், ஹாம்பர்க், ஹனோவர்.]

கமென்செக் சிகாகோவில் பிறந்தவர். வேலை பெரும்பாலும் ஐரோப்பாவில். வியன்னாவின் ஃபோக்ஸ்ஓபர் அரங்கு, ஃப்ரைபுர்க், ஹாம்பர்க் என்று போய், 2011 முதல் 2016 வரை ஹனோவர் ஓபராவின் தலைமை இசை இயக்குநராக இருந்தார். ஜெர்மன் அரங்குகளில் ஒரே வாரத்தில் மொஸார்ட்டும் வரும், வாக்னரும் வரும். பாடகருக்கு உடம்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் வேறொருவர் வந்து நிற்பார். அந்த அன்றாட உழைப்புதான் அவரைப் பந்து வித்தைக்காரர்களுக்கும் தயார்ப்படுத்தியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். விருதுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வருடங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'அக்னாட்டன்' ஒலிப்பதிவுக்கு 2022இல் கிராமி கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2018இல் லண்டனில் அவர் நடத்திய 'சத்யாகிரஹா'வும் கிளாஸின் ஓபராதான். கதை தென்னாப்பிரிக்காவில் காந்தி. வரிகள் பகவத் கீதையிலிருந்து, சமஸ்கிருதத்திலேயே. காந்தியோடு அங்கே சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மை நமக்கெல்லாம் தெரிந்த பெயர்தானே.

[காட்சி: ராயல் ஆல்பர்ட் ஹால்.]

எனக்கு மிகவும் பிடித்தது 2017 ஆகஸ்ட் 15 இரவு. ரவிசங்கரும் கிளாஸும் சேர்ந்து 1990இல் வெளியிட்ட ஆல்பம் 'பாசேஜஸ்'. பெரும்பாலும் ஒருவர் கொடுத்த கருவை மற்றவர் வளர்த்து எழுதியது. ஆல்பத்தின் கலைஞர் பட்டியலில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் உண்டு. இருந்தும் அந்த இரவு வரை முழுதாக மேடையில் யாரும் வாசித்ததில்லை. இந்திய சுதந்திரத்தின் 70ஆம் ஆண்டில், லண்டனின் கோடைக்கால இசைவிழாவான பிபிசி ப்ராம்ஸில், ரவிசங்கரின் மகள் அனுஷ்கா சங்கர் சிதார் வாசிக்க, பிரிட்டன் சின்ஃபோனியா என்ற ஆர்கெஸ்ட்ராவை கமென்செக் நடத்தினார்.

ஒரு பக்கம் தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். இன்னொரு பக்கம் காதால் கற்று வளர்ந்த மரபு. நடத்துநர் இங்கே இரண்டு பேருக்கும் ஒரே 'சமம்', அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தை, காட்ட வேண்டும்.

கேட்க ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் 'பாசேஜஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஆஃபரிங்'. அப்புறம் 'அக்னாட்டன்' முன்னிசை, சுமார் பத்து நிமிடம். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். எங்கே தாளம் தவறியது என்று கீழே எழுதுங்கள்.